படைச்சது மிஞ்சக் கூடாது

— கெஞ்சினாலும் தொறக்காதன்னு காலையில சொன்னது யாரு? நீங்கதான?

— சொன்னேன்தான். இப்ப நான் கெஞ்சல முத்து, தண்ணி கேக்குறேன். தண்ணி குடுக்காதன்னு சொன்னேனா?

— சொம்பு இந்தக் கதவுச் சந்துல நுழையாது. தண்ணி பாக்கெட்டு ஒண்ணு தள்ளுறேன், குனிஞ்சு எடுத்துக்குங்க. மெதுவா பேசுங்க. அடுப்புக்கிட்ட நான் தனியா பேசிக்கிட்டு இருக்கேன்னு உங்கம்மா வந்து நிக்கப் போறாங்க.

— அம்மாகிட்ட என்னான்னு சொன்ன?

— லாட்ஜுல டூட்டி, சனிக்கிழமை திருநள்ளாறுல கூட்டம் தாங்காது, லீவு குடுக்கல, பொழுது சாஞ்சுதான் வருவாருன்னு சொன்னேன்.

— நம்பிருச்சா?

— அப்பன் திதிய விட லாட்ஜு பெருசா போச்சான்னு முணுமுணுத்துக்கிட்டே வெங்காயம் உரிச்சாங்க. நீங்க வீட்டுக் கொல்லையிலயே, வலை ரூமுல, பூட்டுக்குள்ள கெடக்குறீங்கன்னு தெரிஞ்சா அந்த உரலைத் தூக்கிப் போட்டே பூட்டை ஒடைச்சிருப்பாங்க.

— உன்னையப் பொய் சொல்ல வச்சிட்டேன் புள்ள.

— குடிகாரன் வீட்டுல பொறந்து குடிகாரன் வீட்டுக்கு வாக்கப்பட்டவ நான். எங்கப்பாவுக்காக ஐஸ் கம்பெனியில போயி காய்ச்சல்னு பொய். உங்களுக்காக மீன்புடி போட்டுக்காரர்கிட்ட வயித்துவலின்னு பொய். நல்லதுக்குன்னு சொன்ன மொதப் பொய் இதுதான். இருங்க, மீனைத் திருப்பிப் போட்டுட்டு வர்றேன்.

— என்னா மீனு?

— கிழங்கான். உங்கப்பாவுக்குப் புடிச்சதாம். நண்டும் வச்சிருக்கேன்.

— அவருக்குப் புடிச்சது மீனு இல்ல, கேட்டியா. மீனு தொட்டுக்க.

— தெரியும்ல. படத்துக்கு முன்னாடி எலை போட்டாச்சு. அவரு டம்ளரையும் புளி போட்டு வெளக்கி வச்சாச்சு.

— பாட்டிலு?

— அதுவும்தான்.

— வழக்கமா வைக்கிற குவாட்டரு தான?

— உங்களுக்கு எதுக்கு அது இப்ப?

— சும்மா கேட்டேன்.

— சும்மா கேக்குறவரு தண்ணியக் குடிச்சிட்டுப் படுங்க.

— சொல்லேன் முத்து. தெரியாட்டித்தான் மண்டை கொடையுது. தெரிஞ்சிட்டா அதோட போச்சு, கேட்டியா.

— உங்கம்மா மீனு குடுக்கப் போவாங்கல்ல, டவுன்ல ஓகுஸ்தேன் ஐயா வீடு. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு வந்து பென்சன் வாங்குறாரே, அவருதான். உங்கப்பாவுக்கு வருசத் திதி வருதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. ரெண்டு பேரும் ஒண்ணா குடிச்சவங்களாமே. மவன் பாரிஸ்லேர்ந்து கொண்டாந்த பிராந்திய முழு பாட்டிலா தூக்கிக் குடுத்துட்டாராம்.

— முழு பாட்டிலா.

— மூச்ச அப்பிடி இழுக்காதீங்க. இங்க கேக்குது.

— வெக்கை. மேல ஆஸ்பெட்டாஸ் காயுது, கீழ வலை நாறுது. வேற ஒண்ணும் இல்ல.

— வேற எங்கயாச்சும் போயிருக்கலாம். இதென்ன, நாய அடைச்ச மாதிரி.

— எங்க போவச் சொல்ற? வடக்கால போனா கடை. டவுனுக்குப் போனா பஸ்ஸ விட்டு எறங்குனதுமே கடை. வெளியூர்க்காரன் பஸ் புடிச்சு வந்து குடிச்சிட்டுப் போற ஊருடி இது. போட்டுல போனா அவனுங்க குடிக்கிறானுங்கன்னுதான லாட்ஜுக்குப் போனேன். அங்க வர்றவன் எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, எள்ளு வெளக்கு போட்டு, சனி விட்டுச்சுன்னு கும்புட்டுட்டு நேரா எங்கிட்ட வந்து, அண்ணே இங்க கடை எங்கருக்குன்னு கேக்குறான். நான் கைய நீட்டி வழி காட்டுறேன். தெனைக்கும் காட்டுறேன். அந்தப் பக்கம் நான் மட்டும் போவக் கூடாது.

— போவலையே நீங்க. இத்தனை மாசமா போவலையே.

— போவல. அந்தக் கடையெல்லாம் நான் தாண்டிருவேன் முத்து. இந்தப் படையலத்தான் தாண்ட முடியல.

— போன வருசம் ஒரே ஒரு வாய்ன்னு வச்சீங்க. ஆடியில வச்ச வாய், பொங்கல் வரைக்கும் தெளியல. நம்ம புள்ளை அஷ்வினு காலேஜு விட்டு வர்றவன், பஸ் ஸ்டாண்டுல கெடந்த உங்களத் தோளுல சாச்சுக்கிட்டு வந்தான். கூடப் படிக்கிற புள்ளைங்க பாத்துக்கிட்டு நின்னுச்சாம். வந்து மூஞ்சியக் கழுவிட்டுப் படுத்துட்டான்.

— என்னைய என்னா பண்ணச் சொல்ற? பெத்த புள்ளை பாட்டிலத் தொறக்கணும், பெத்த புள்ளை ஊத்தணும், அவன் ஒரு வாய் வச்சாத்தான் அப்பன் குடிச்சதா கணக்கு. அப்பறந்தான் மத்தவங்க. கீழ கொட்டக் கூடாது, மிஞ்சவும் கூடாது. வேணாம்னு சொன்னா அம்மா நெஞ்சுல அடிச்சுக்கும். உசுரோட இருந்தப்ப ஒளிச்சு ஒளிச்சு வச்சேன்டா, கடைசியில கேட்டப்பக்கூட குடுக்கலடா, செத்த பொறவாவது அந்த மனுசன் மனசாரக் குடிக்கட்டும்டான்னு அழுவும். அது அழுவுறதும் நெசந்தான. நான் என்னத்தச் சொல்லுவேன்?

— அதுக்குத்தான் இந்த வருசம் கண்ணுல படாம இருக்கீங்க. ஆள் இல்லன்னா யாரு கேக்கப் போறா?

— சித்தப்பா வந்துட்டாரா?

— மண்டபத்தூர்லேர்ந்து வெள்ளனவே வந்துட்டாரு. புது வேட்டி, நெத்தி நெறைய விபூதி. பாட்டிலத்தான் பாத்துக்கிட்டு இருக்காரு.

— மருதையன் சித்தப்பா ஊத்துனா ஒண்ணும் மிஞ்சாது. அவரு பாத்துக்குவாரு.

— சிரிப்பு வருதா உங்களுக்கு? சிரிங்க. நீங்க சிரிச்சு எவ்வளவு நாளாச்சு.

— முத்து.

— ம்.

— எனக்கு மொத மொத யாரு ஊத்துனா தெரியுமா?

— உங்கப்பாதான். சொல்லியிருக்கீங்க.

— முழுசா சொன்னதில்ல. அஞ்சாவது படிக்கிறப்ப லீவுல கடலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. திரும்பி வர்றப்ப மழை. பல்லு கிட்டிக்கிச்சு எனக்கு. கரை ஏறுனதும் பாட்டில் மூடியில ஊத்தி என் வாயில வச்சாரு. குளுருக்கு மருந்துடான்னாரு. நான் மூஞ்சியச் சுளிக்காம முழுங்கிட்டேன். வைத்தியலிங்கம் மவன்டா இவன்னு கரையில இருந்த அத்தனை பேரும் கையத் தட்டுனாங்க. எங்கம்மா கூடையோட நின்னு சிரிச்சுச்சு. அந்தக் கைத்தட்டு இருக்கே, அது இன்னும் என் காதுல இருக்கு புள்ள. அதுக்கப்புறம் என்னைய எவனும் கையத் தட்டிப் பாராட்டல.

— சரி வுடுங்க.

— அவருக்கு அவரு அப்பன் ஊத்துனாரு. சாராயம். எனக்கு அவரு ஊத்துனாரு. அஷ்வினுக்கு நான் ஊத்தல. கேட்டியா? என்னைய எவ்வளவு வேணா திட்டு. வெறியில கெடந்தப்பக்கூட அவன் வாய்க்கிட்ட நான் கொண்டு போனதில்ல. அந்த ஒண்ணுதான் நான் பண்ண நல்லது. இந்தப் பூட்டும் அதுக்குத்தான். நான் குடிய நிறுத்திட்டா இது என்னோட முடிஞ்சிரும்.

— தெரியும்ல. அதனாலதான சாவிய முந்தானையில முடிஞ்சுக்கிட்டு இந்த அனலுல உக்காந்திருக்கேன். அந்தண்ட இந்தண்ட நகரல. அம்மா ரெண்டு தடவை கூப்புட்டாங்க, மீனு தீஞ்சிரும்னு சொல்லிட்டேன். அஷ்வினுதான் தட்டு தட்டா எடுத்துட்டுப் போறான்.

— முத்து, தொறந்துட்டாங்க.

— என்னாத்த?

— பாட்டில.

— இங்க மீனு வாடையத் தவிர ஒண்ணுமில்ல. சும்மா இருங்க.

— உனக்கு வராது. எனக்கு வரும். மூடி திருகுனா தெருக்கோடியிலயே தெரியும் எனக்கு. இது குவாட்டர் வாடை இல்ல. இது வேற. கதவத் தொற.

— மாட்டேன்.

— குடிக்க மாட்டேன். அப்பன் படத்தப் பாத்து ஒரு கும்புடு போட்டுட்டு வந்துருறேன். பெத்தவருக்கு ஒரு கும்புடு போடக் கூடாதா?

— அங்கேருந்தே கும்புடுங்க.

— மூச்சு முட்டுது முத்து. நெசமா முட்டுது. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது.

— சந்துக்கிட்ட மூக்க வச்சுப் படுங்க. காத்து வரும்.

— கதவத் தொறடின்னா. யாரு வீட்டுல யார அடைச்சு வைக்கிற நீ? உங்கப்பன் மாதிரி சாக்கடையில விழுந்து செத்தேனா நான்? அந்த வீட்டுலேர்ந்து வந்தவ எனக்குச் சாவி வைக்கிறியா?

— கதவ ஒதைக்காதீங்க. கேக்கப் போவுது.

— கேக்கட்டும்.

— எங்கப்பா சாக்கடையிலதான் செத்தாரு. நான்தான் போயி மூஞ்சியத் தொடைச்சேன். உங்க மூஞ்சிய அப்பிடித் தொடைக்கக் கூடாதுன்னுதான் உக்காந்திருக்கேன். ஒதைங்க. நல்லா ஒதைங்க. நான் எந்திரிக்க மாட்டேன்.

— முத்து.

— பேசாதீங்க.

— அழுவாத புள்ள. நான் இல்ல அது. அது பேசுது.

— தெரியும்ல.

— சாவிய அடுப்புல போட்டுரு.

— இரும்பு எங்க வேவும். செத்த நேரம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்க. மணியடிக்கிறாங்க பாருங்க. சூடம் காட்டியாச்சு.

— முடிஞ்சிருச்சா?

— முடிஞ்சிருச்சு. ஊத்தியாச்சு போலருக்கு. உள்ள கையெல்லாம் தட்டுறாங்க.

— கையா? எதுக்கு?

— உங்க சித்தப்பா ஒரே மடக்குல அடிச்சிருப்பாரு. வேற எதுக்கு? ஏங்க, தாண்டிட்டீங்க. இந்த வருசத்தத் தாண்டிட்டீங்க.

— தாண்டிட்டேனா?

— தாண்டிட்டீங்க. பாட்டிலு காலியாவட்டும், தொறந்து விடுறேன். சூடா நாலு மீனு எடுத்து வச்சிருக்கேன் உங்களுக்கு. உஷ், புள்ளை வர்றான். சத்தம் காட்டாதீங்க.

— அம்மா, இன்னும் மீனு இருக்கா? சின்ன தாத்தா கேக்குறாரு.

— இந்தா, இந்தத் தட்ட எடுத்துக்க. ஏன்டா வலை ரூமு கதவுல போயி சாயுற? தள்ளி நில்லு, அழுக்கு.

— செத்த இரும்மா. தலை லேசா மெதக்குற மாதிரி இருக்கு.

— வெயில்ல அலைஞ்சா அப்பிடித்தான் இருக்கும். சாப்புட்டியா அஷ்வினு?

— இனிமேதான். படையல் இப்பதான முடிஞ்சுச்சு. செம காமெடிம்மா. சின்ன தாத்தா ஊத்துறேன்னு கைய வச்சாரு, அப்பாயி வெடுக்குன்னு புடுங்கிட்டாங்க.

— ஏன்?

— அண்ணனுக்குத் தம்பி ஊத்துற வழக்கம் இல்லியாம். புள்ளை ஊத்தணுமாம். புள்ளை இல்லாட்டி புள்ளையோட புள்ளையாம். அப்பாதான் லாட்ஜுக்குப் போயிட்டாருல்ல, பாட்டில எங்கையில குடுத்துட்டாங்க.

— ஊத்துனதோட வச்சிட்டியா?

— அது எப்பிடிம்மா? மொத வாய் வைக்காட்டி தாத்தா குடிச்சதா கணக்கு இல்லைங்குறாங்க.

— என்னைய ஒரு வார்த்தை கூப்புடக் கூடாதாடா?

— அம்மாவக் கேட்டுட்டு வர்றேன்னுதான் சொன்னேன். அவ அடுப்புக்கிட்ட தனியா பொலம்பிக்கிட்டு உக்காந்திருக்கா, அவ எதுக்கு இதுக்குன்னுட்டாங்க அப்பாயி. ஏம்மா மூஞ்சி இப்பிடிப் போவுது? ஒரு வாய்தாம்மா. அப்பறம் சின்ன தாத்தா ஒண்ணு குடுத்தாரு. கசக்கும், தொண்டை எரியும், நாசமா போவும்னு அப்பா என்னென்னமோ சொல்லுவாரு. ஒண்ணும் எரியல. நல்லாத்தான் இருந்துச்சு. மூஞ்சியச் சுளிக்காம குடிச்சேன்னு எல்லாரும் கையத் தட்டுனாங்க. அப்பாயி என் கன்னத்தத் தடவி, எம்மவராசன் திரும்பி வந்துட்டாருன்னு ஒரே அழுவை.

— போடா. உள்ள போயி சோத்தத் தின்னுட்டுப் படு. படையல் பக்கம் இனிமே போவாத.

— கொஞ்சந்தாம்மா மிச்சம் இருக்கு. மிஞ்சக் கூடாதாம்ல. அப்பா எதுக்கும்மா இதுக்குப் போயி பயந்துக்கிட்டு ஓடுறாரு?

— அஷ்வினு, நில்லு. டேய். ஏங்க, போறான் அவன். கேட்டுச்சா உங்களுக்கு? எல்லாம் கேட்டுச்சா? பூட்டத் தொறக்குறேன், வெளிய வாங்க. நான் சொன்னா கேக்க மாட்டான். நீங்க போயி அவன் கையப் புடிச்சு, இப்பவே, இந்த நிமிசமே சொல்லணும். இதோட நிக்கணும். இந்தா, முந்தானை முடிச்ச அவுத்துட்டேன்.

— பூட்டத் தொடாத முத்து.

— எங்க மேல கோவமா?

— கோவம் இல்ல. அவன் கதவுல சாஞ்சு நின்னான் பாரு, சந்து வழியா அவன் வாய் வாடை வந்துச்சு. எம்புள்ளை குடிச்சிட்டான்னு எனக்கு அழுவை வரல புள்ள, நாக்குத்தான் ஊறுச்சு.