வெளியே நின்ற முதலை

போர்ட் கிள்ளான் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு ஆசிரியைகள். இளையவர் மடியில் ஒரு துணி முதலை.

"முதலைய வெளிய நிக்க வெச்சது தப்பாக்கா?"

"புரியல லா."

"மத்தவங்க மனசப் புரிஞ்சுக்கற பாடம். கதையில முயலோட சாப்பாட்ட இது பிடுங்கிருச்சு. என்ன பண்ணலாம்னு கேட்டேன். வெளிய நிக்க வைங்கன்னு கிளாஸே கத்துச்சு. வெச்சேன். ஒரு பிள்ள மட்டும் எழுந்து போயி அதுகூட நின்னுக்கிட்டா."

"ஏனாம்?"

"'அன்னிக்கு நீங்க என்னைய நிக்க வெச்சப்ப யாருமே வரலையே, டீச்சர்'ங்கறா."

"நீ என்ன சொன்ன?"

சுபாங் ஜெயா நிலையம் வந்து போனது. இளையவர் முதலையின் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"அவள எப்ப நிக்க வெச்சேன்னே எனக்கு ஞாபகம் வரலக்கா."