கிலோ மாவுக்கு எவ்வளவு உப்பு?

– வண்டிய நல்லா பாத்தியா கஜபதி? அடியில, ஸ்டெப்னி பக்கத்துல? ஒரு மூட்டையாவது திரும்பி வந்திருக்கணுமே.

– காலி வண்டிய எத்தினி வாட்டி நைனா பாக்கறது? மிக்சரு, காராசேவு, ஓமப்பொடி எல்லாம் பூட்சி பாஷா பாய். ஒரு பாக்கெட்டு திரும்பி வரல.

– உன்ன எதுக்கு அனுப்பினேன்? கடை கடையா போயி நம்ம சரக்க திருப்பி எடுத்துகினு வான்னுதானே?

– ஆங், அதுக்குத்தான் போனேன். எதுக்குன்னுதான் நீ சொல்லல. கோயில் மலப் படிக்கட்டாண்ட ஜம்புலிங்கம் கடையில ஆரம்பிச்சேன். பஸ் ஸ்டாண்டு, கே.ஜி.கண்டிகை டீக்கடைங்க, ஒண்ணு விடல. இருந்தாத்தானே குடுப்பாங்க? வித்துப் போச்சு. திட்டறாங்க என்ன, சரக்கு போடாம சரக்கு கேக்கறியேன்னு.

– மெட்ராஸ் கடையிலேர்ந்து குமரேசன் சார் போன் பண்ணாரா?

– பண்ணாரு.

– மறைக்காம சொல்லு கஜபதி. அவரு நிறுத்திட்டாருன்னா நான் அடுப்ப அணைச்சுட வேண்டியதுதான். கம்பெனி பாக்கெட்டு தோரணம் கட்டி தொங்கறப்ப, இந்த ஊருல வாங்கறத மட்டும் நம்பி நாலு பொம்பளைங்களுக்கு நான் வேல குடுக்க முடியாது.

– நிறுத்தலப்பா. இப்ப அவரு கடைங்கள்ல ரெண்டுக்குத்தானே போட்டுகினு இருக்கறோம்? அடுத்த மாசத்துலேர்ந்து பதினோரு கடைக்கும் வேணுமாம்.

– வெளையாடாத.

– எங்கம்மா மேல சத்தியம் நைனா.

– எதுக்கு வேணுமாம்? நம்ம சரக்குல இன்னா கண்டாரு?

– உப்பு கம்மியாம்.

– போச்சு! நான் பயந்தது அதுதான். பாத்தியா, அவரு வாயாலயே வந்துருச்சு.

– அட, முழுசா கேளு பாய். கம்மியா இருக்கறதாலதான் வேணுங்கறாரு.

– உப்பு கம்மியான காராசேவ எவன் துன்னுவான்?

– நீ அடுப்பாண்டயே நின்னுகினு இருக்கற, ஊரு எங்கயோ போயிகினு இருக்குது. முன்ன எல்லாம் பாக்கெட்டு மேல இன்னா படம் இருக்குதுன்னு பாத்து வாங்குவாங்க. இப்ப திருப்பிப் போட்டு பின்னால படிக்கறாங்க. ஜம்புலிங்கம் சொல்றான், மல ஏற வர பொண்ணுங்க செல்போன்ல படம் புடிச்சு பெருசாக்கி பாக்குதுங்களாம், இன்னா எண்ண, எத்தினி உப்புன்னு. திருப்பதி பஸ்ஸுல வந்து எறங்கறவங்க இருக்கறாங்களே, அவங்க காரம் மட்டும் கொறையக் கூடாதுங்கறாங்க. உப்பு கொறஞ்சா ஒண்ணும் கேக்கறதில்ல.

– அஞ்சு ரூபா பாக்கெட்டு?

– அது பசங்க சமாச்சாரம், அது ஓடிகினுதான் இருக்குது. ஆனா அம்மாக்காரி வாங்கறப்ப கை வேற பக்கம் போவுது. கம்பெனிக்காரனுங்களே பாதி உப்பு, எண்ணையில பொரிக்காததுன்னு புதுசு புதுசா எறக்கறானுங்க. ஆனா அதுல ருசி இல்ல, அட்டைய மெல்லற மாதிரி இருக்குதுங்கறாங்க. உன்னுது ருசியாவும் இருக்குது, துன்னுட்டு சொம்பு தண்ணி தேடவும் வேணாம். குமரேசன் சார் சொன்னது இதான். தனி ரேக்கே போட்டு வெச்சிருக்கறாராம்.

– நெசமா?

– நெசம். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டாரு. கிலோ மாவுக்கு எவ்ளோ உப்பு போடறீங்க, பாக்கெட்டு மேல அச்சடிக்கணும்னாரு. சொல்லு, எழுதிக்கறேன். பேனா இருக்குது.

– பேனாவ உள்ள வை கஜபதி.

– இன்னா பாய், அளவு சொல்றதுக்கு இவ்ளோ யோசன?

– எனக்குத் தெரியாது கஜபதி.

– தெரியாதா? இருபத்தாறு வருசமா நீதானே போடற?

– என்னிக்கு நான் தராசு புடிச்சேன்? உள்ளங்கையில அள்ளுவேன். மொத ஈடு எண்ணையிலேர்ந்து எடுத்ததும் ரெண்டு துண்டு வாயில போடுவேன். நாக்கு சொல்லும். அவ்ளோதான் என் கணக்கு. ஆனி மாசம் எனக்கு ஜுரம் வந்துச்சே?

– ஆங், பத்து நாளு படுத்துகினு இருந்தியே.

– ஜுரம் போச்சு. நாக்கு வரல.

– இன்னா சொல்ற நீ?

– காரம் வெச்சா சுருக்குனு சுடும். வேற ஒண்ணும் தெரியல. உப்பு, சக்கர, புளி, எல்லாம் ஒண்ணுதான். மண்ண மெல்லற மாதிரி மெல்றேன். விடிகாலம் ஒரு குத்துமதிப்பா உப்புத்தண்ணி கரைச்சு வெச்சுட்டு பள்ளிவாசலுக்கு போயிடுவேன். தொழுதுட்டு வந்து மாவு பெசைவேன். இன்னிக்கு உப்பு தூக்கலா இருக்குமா, சப்புன்னு இருக்குமான்னு நாளு பூரா அதே கவல. அதான் இன்னிக்கு தாங்க முடியாம எல்லாத்தையும் திருப்பி எடுத்துகினு வான்னேன்.

– அட பாவி! வேலைக்கு வர அன்னம்மாள கூப்ட்டு ஒரு துண்டு குடுத்து கேக்கறதுக்கு இன்னா?

– கேட்டா மறுநாளே ஊருக்குத் தெரிஞ்சுடும். நாக்கு செத்தவன் மிக்சர் போடறான்னு சொன்னா எவன் வாங்குவான்? உங்கிட்டயே இன்னிக்குத்தானே வாயத் தொறக்கறேன்.

– இரு, இரு. தூக்கலா, சப்புன்னு, அப்டி எல்லாம் எந்தக் கடையிலயும் சொல்லலியே? ஆடி மாசத்துலேர்ந்து ஒரே மாதிரி இருக்குதுன்னுதான் சொல்றாங்க. கம்மியா, ஆனா ஒரே சீரா.

– அது எப்டி? எனக்கே புரியல.

– கிலோ மாவுக்கு டீஸ்பூன் தலைதட்டி ரெண்டு. எழுதிக்கங்க அண்ணா, வாசல்ல நின்னு கேட்டுகினுதான் இருந்தேன்.

– வா தங்கச்சி. பாய், உன் வீட்டம்மா சர்வர் பேகம் அளவு சொல்லுது பாரு! நெசந்தானா தங்கச்சி? அச்சு போடறது, மாத்தி சொல்லக் கூடாது.

– மாறாதுண்ணா. தினம் நான் அளந்து போடறதுதான். நீங்க வேணும்னா தராசுல வெச்சு கிராமா மாத்திக்கங்க.

– போதும், நான் குமரேசன் சாருக்கு போன் போடறேன். தெருவுக்குப் போனாத்தான் சிக்னலு கெடைக்கும். நீங்க பேசிகினு இருங்க. பாய், மொகத்த தொடச்சுக்கோ. அழற நாளா இது?

– பேகம், நீ அளந்து போடறியா? எப்பலேர்ந்து?

– ஆடியிலேர்ந்துங்க. ஒரு நாளு டீயில சக்கர போட மறந்துட்டேன். நீங்க குடிச்சுட்டு நல்லா இருக்குதுன்னீங்க. மறுநாளு வேணும்னே போடல. அதுக்கும் நல்லா இருக்குதுன்னீங்க. அப்பவே புரிஞ்சு போச்சு.

– புரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கலியே?

– நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க பள்ளிவாசலுக்கு போனதும் உங்க உப்புத்தண்ணிய வாயில வெச்சுப் பாப்பேன். ஒரு நாளு கடலு, ஒரு நாளு கெணறு. கொட்டிட்டு நானே புதுசா கரைச்சு வெச்சுடுவேன்.

– இத்தினி நாளும் என் கையால போட்ட உப்பே இல்லியா அது? யா அல்லா! நெஞ்சு மேல இருந்த பாறாங்கல்ல யாரோ எடுத்துட்ட மாதிரி இருக்குது பேகம். சிரிப்பு வேற வருது. சரி, ஊருல இப்ப உப்பு கம்மியா கேக்கறாங்கன்னு உனக்கு யாரு சொன்னா?

– யாரும் சொல்லலீங்க. கம்மியா இருக்குதுன்னு எனக்கே இப்ப கஜபதி அண்ணன் சொல்லித்தான் தெரியும். என் நாக்குக்கு அது சரியாத்தான் இருந்துச்சு.

– உன் நாக்குக்கா? கல்யாண வீட்டு பிரியாணியில ஒரு கல்லு உப்பு கொறஞ்சாலும் மொத வாயிலயே சொல்ற ஆளு நீ!

– ஆடிக் கிருத்திகை கும்பலுக்கு சரக்கு போட்டுகினு இருந்தமே, அன்னிக்கு எனக்கு தல சுத்துச்சு; ஆஸ்பத்திரில பிரஷரு ஏறிக் கெடக்குது, உப்ப விட்டுடுங்கன்னாங்க; நீங்களே நொந்து போயிருக்கறீங்களேன்னு உங்ககிட்ட சொல்லல, அன்னியிலேர்ந்து நம்ம வீட்ல ரெண்டு பேரும் துன்றது உப்பில்லாத கொழம்புதான், துளி உப்பே போதும்னு ஆயிட்ட அந்த நாக்கால பாத்து போட்ட அளவுங்க அது... பயப்படாதீங்க, இன்னிக்கு காலைல போயி காட்டிட்டுத்தான் வரேன், பிரஷரு எறங்கிடுச்சாம்.