கிருமிக்குப் புதுப் பெயர்

மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளம் போகும் படகில், என் முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும். அவர்கள் 'அத்தா' என்று கூப்பிடும் அப்பாவைச் சேர்த்திருக்கும் ஆஸ்பத்திரி டாக்டரிடம் பேசிவிட்டு அக்கா போனை வைத்தார்.

"அத்தா உடம்புல இருக்கிற கிருமிக்குப் பேரு மாத்தியிருக்காங்களாம்."

"கிருமிக்குப் போய் யாருக்கா பேரு மாத்துவா?"

"அதுக்குப் பேரு வைக்கவே சட்டம் இருக்காம். அது வேற இனம்னு ஆராய்ச்சியில தெரிஞ்சா, பேரையும் மாத்திடுவாங்களாம். முதல் லேப்ல எழுதினது பழைய பேரு, இந்த லேப்ல நேத்து எழுதினது புதுப் பேரு."

"அப்ப ரெண்டாவதா ஒரு கிருமி வரல?"

"வரல. ஒண்ணேதான். இப்பக் குடுக்கிற மருந்தே போதுமாம். காய்ச்சலும் குறைஞ்சிருக்காம்."

தம்பி கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"போட் ஜெட்டி வந்ததும் ஒரு சாயா குடிக்கலாம்க்கா. நேத்துலேர்ந்து எனக்கு ஒண்ணும் தொண்டையில இறங்கல."