கீழ் வயலின் பச்சை

— புள்ள நீலம் பாரிச்சதுக்குக் கிணத்து மேல பழி போடாதடா. நீயும் நானும் அந்தத் தண்ணியக் குடிச்சுதான் வளந்தோம். நாம என்ன நீலமாவா போயிட்டோம்?

— நான் சொல்லல அண்ணே. டாக்டரம்மா சொல்றாங்க. தண்ணிய வாங்கிச் சோதிச்சுப் பாத்துட்டாங்க. யூரியா போட்ட மண்ணுலேர்ந்து இறங்குற உப்பு அதுல ஏகத்துக்கு இருக்காம்.

— அந்த அம்மா செருப்புல என்னிக்காவது சேறு பட்டிருக்குமா, கேளு. வயலப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?

— மெதுவாப் பேசுங்க மாமா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு புள்ளைங்க கிடக்குதுங்க.

— நான் என்னம்மா கத்துறேனா? நேத்து இந்தப் பெரியப்பன் மடியில கிடந்து சிரிச்ச புள்ள. இன்னிக்கு மூக்குல குழாயச் சொருகி வெச்சிருக்காங்க. எனக்கு மட்டும் வயிறு எரியாதா?

— ரத்தம் எடுத்தாங்க மாமா. குழாய்க்குள்ள ஏறினது செகப்பா இல்ல, காப்பி டிகாஷன் மாதிரி இருந்துச்சு. அதப் பாத்ததும் நர்ஸம்மா என்னத்தான் கேட்டாங்க, பால் மாவ எந்தத் தண்ணியில கரைக்கிறன்னு. இப்ப ஒரு ஊசி போட்டிருக்காங்க. அந்த மருந்தும் நீலந்தான். அது ஏறினா புள்ள உதடு செவக்கணுமாம். செவக்கலன்னா சொல்றதுக்கில்லன்னுட்டாங்க.

— நீ கொதிக்க வெச்ச தண்ணியிலதானே கரைக்கிற? நானே பாத்திருக்கேனே.

— ஆமா மாமா. எனக்குப் பால் வத்திப்போனதுலேர்ந்து அப்படித்தான். போன வாரம் வயித்தால போச்சேன்னு இன்னும் நல்லாக் கொதிக்க விட்டேன். பாதியாச் சுண்டுற வரைக்கும் அடுப்ப அணைக்கல. கிருமி சாகுமாம், இந்த உப்பு சாகாதாம். சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யுமாம். என் கையாலயே காய்ச்சி, என் கையாலயே ஊட்டியிருக்கேன்.

— விடும்மா. உனக்கு எப்படித் தெரியும்?

— அவளுக்குத் தெரியாது, சரி. எங்க கிணத்துக்கு ஊத்து உன் மேல் வயல் அடியிலேர்ந்துதான் வருதுன்னு உனக்குமா தெரியாது அண்ணே? நீ தெருக்குழாய்த் தண்ணி குடிக்கிற. உன் வீட்டுல யாரு இப்ப கிணத்தத் தொடுறாங்க?

— ஓ, அப்படி வர்றியா. நேராவே சொல்லிடு, புள்ளைக்கு விஷம் வெச்சது நான்தான்னு.

— யூரியாவ நிறுத்துன்னு சொல்றேன். அடுத்த மழைக்கு முன்னாடி நிறுத்து. வாய்க்காலப் போய்ப் பாரு. பாசி மூடித் தண்ணியே தெரியல. ஒரு தவளை கத்தக் காணோம். பயிரு தின்னது போக மிச்சமெல்லாம் எங்க போகும்? பள்ளத்துக்குத்தான் வரும். பள்ளத்துல குடியிருக்கிறவன் நான்.

— நிறுத்துறேன். நாளைக்கே நிறுத்துறேன். நீ முதல்ல நிறுத்து.

— அண்ணே...

— என்ன அண்ணே, நொண்ணே? கேளு. உன் வயல்ல சோளம் கருகருன்னு நிக்குது. என்னுது மஞ்சக்காமாலைக்காரன் கண்ணு மாதிரி கிடக்கு. போறவன் வர்றவன் எல்லாம் உன் வரப்புல நின்னு வாயப் பொளக்குறான். உங்க அண்ணி சோறு போடுறப்பல்லாம் குத்திக் காட்டுறா. ஒரே அப்பனுக்குப் பொறந்தீங்க, அவருக்கு மட்டும் எப்படி இப்படி விளையுதுன்னு. அவ்வளவு பச்சை சும்மா வருமா? நீ கொட்டுற கொட்டுல கிணறு கெட்டுப் போச்சு. பழி மட்டும் மேட்டுக்கா?

— சொல்லுங்களேன். இன்னும் எத்தன நாளைக்கு மூடி வெப்பீங்க?

— நீ கொஞ்சம் சும்மா இரு.

— சும்மா இருக்க முடியாது. உள்ள கிடக்குறது என் புள்ள. மாமா, இவரு யூரியா போட்டு மூணு வருஷம் ஆச்சு.

— என்னம்மா சொல்ற?

— ஒரு பிடி கூடப் போடல. களை எடுக்கிறவ நான், எனக்குத் தெரியாதா?

— டேய், இவ சொல்றது நெசமா?

— நெசந்தான். கால் ஒடிஞ்சு படுத்துக் கிடந்தேனே, அந்த வருஷம் உரம் போட ஆள் இல்ல. பயிர் போச்சுன்னுதான் நெனச்சேன். எந்திரிச்சுப் போய்ப் பாத்தா எப்பவும் விட நல்லா நிக்குது. மறு வருஷம் வேணும்னே போடாம விட்டேன். அப்பவும் அப்படியே. மழை பெஞ்சா உன் வரப்பு ஓரமா இருக்கிற என் பயிர்தான் முதல்ல கரும்பச்சையாகுது. அப்புறந்தான் புரிஞ்சுது. நீ மேல போடுற, மழை கீழ கொண்டாந்து குடுக்குது.

— புரிஞ்சும் வாயத் தொறக்கல நீ.

— தொறக்கல. சும்மா வர்றத யாரு வேணாம்பாங்க? கைராசிக்காரன்னு ஊரே சொல்லுச்சு, கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. பயிருக்கு வர்றது கிணத்துக்கும் வரும்னு இந்த மரமண்டைக்கு எட்டல.

— அப்ப மூணு வருஷமா உன் பயிரு தின்னது என் யூரியாவயா?

— ஆமா அண்ணே. என் மேலயும் தப்புதான். ஆனா நீ முன்னெல்லாம் ஒரு மூட்டையோட நிப்பாட்டுவ. வருஷா வருஷம் எதுக்கு ஏத்திக்கிட்டே போன? மண்ணு கேட்டுச்சா?

— சொல்லுங்க மாமா, மண்ணா கேட்டுச்சு?

— மண்ணு எங்கம்மா கேட்டுச்சு? உங்க பயிரு பச்சையப் பாத்துப் பாத்து, அத விட என்னுது கரும்பச்சையா நிக்கணும்னுதான் கொட்டுனேன்.