படியாக வைத்த முகம்

பெயர் இசக்கித்தாய், வயது 52, தகப்பனார் பெயர் காசிலிங்கம், காலமாகிவிட்டார். முத்தையாபுரம் மேலத்தெருவில் குடியிருந்து இட்லிக்கடை நடத்தி வருகிறேன். யாருடைய தூண்டுதலும் இன்றி, சுயநினைவோடு நான் கூறுவதாவது:

எங்கள் ஊர்க்காரரான தியாகி சுடலைக்கண்ணன் 1942ஆம் வருடம் வெள்ளைக்காரப் போலீசுக்குத் தப்பிப் பனங்காட்டில் ஒளிந்திருந்து, பிடிபட்டுச் சுடப்பட்டார். அவரைக் காட்டிக்கொடுத்தது என் தாத்தா என்று ஊரில் சொல்வார்கள். மெய்யோ பொய்யோ, எனக்குத் தெரியாது. என் அப்பா அப்போது பிறக்கவேயில்லை.

சென்ற வருடம், தியாகிக்கு மணிமண்டபம் கட்டும் குழுவின் தலைவரும் இரும்புக்கடைக்காரருமான ராஜபாண்டி எங்கள் வீட்டுக்கு வந்து, "அண்ணாச்சி, பழசையெல்லாம் மறந்துருவோம். மண்டபத்துல ஒங்க முகமும் இருக்கட்டும், ஒரு போட்டோ தாங்க" என்று கேட்க, என் அப்பா சந்தோஷப்பட்டு, சலவைச் சட்டை போட்டு, ஸ்டூடியோவுக்குப் போய்ப் புதிதாக எடுத்துக் கொடுத்தார். அதன் பிறகு திறப்பு விழாவில் அவரை முன்வரிசையில் உட்காரவைத்து, பொன்னாடை போர்த்தி, முதல் மாலையை அவரையே போடச் சொன்னார்கள். சிலை உயரமானது. கழுத்துக்கு எட்ட வேண்டுமென்றால், தியாகியின் காலடியில் மல்லாந்து கிடந்த சிமெண்டு உருவத்தின் தலையை மிதித்துத்தான் ஏற வேண்டும். வேறு படி வைக்கவில்லை. கண் சரியாகத் தெரியாத என் அப்பா மிதித்து ஏறி மாலையைப் போட்டார். அதன் பிறகு ராஜபாண்டி மைக்கில், "காசிலிங்கம், கீழ குனிஞ்சு பாரும். காட்டிக்கொடுத்த பய மூஞ்சியில நிக்கீரு. யாரு ஜாடைன்னு சொல்லும்" என்றார். கூட்டம் விசிலடித்தது. அது என் அப்பாவின் முகம், அவர் கொடுத்த போட்டோவைப் பார்த்துச் செய்தது. அவர் இறங்கி, அதன் வாயில் ஒட்டியிருந்த தம் கால்மண்ணைப் பொன்னாடையால் துடைத்தார்.

அதன் பிறகு அவர் சவரம் செய்துகொள்ளவில்லை, வீட்டுக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார், மாசியில் இறந்தார். பாடை மண்டபத்தைத் தாண்டியபோது, அந்த முகத்தில் வெற்றிலை எச்சில் காய்ந்து கிடந்ததைப் பார்த்தேன்.

அதன் பிறகு, இம்மாதம் தியாகியின் நினைவுநாள் காலையில் ராஜபாண்டி கடையிலேயே ஒரு சம்மட்டி வாங்கினேன். அவர்தான் எடுத்துக் கொடுத்தார். நேராக மண்டபத்துக்குப் போய், மாலையோடு நின்றவர்கள் முன்னிலையில் கீழே கிடந்த முகத்தை அடித்து உடைத்தேன். தியாகியின் மேல் என் கை படவில்லை. அவர் சிலையை உடைத்ததாகப் புகாரில் சொல்வது பச்சைப் பொய். பெற்ற அப்பன் மூஞ்சியில் அடிக்க எவளுக்கு ஐயா மனசு வரும்? மூக்கு போன பிறகும் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதையும் அடித்தேன்.

அதன் பிறகு என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். இங்கு வந்த ராஜபாண்டி என்னை உற்றுப் பார்த்து, "ஏளா, ஒங்கப்பன் மூஞ்சிதான ஒடஞ்சிருக்கு? போனா போவுது. ஒம் மூஞ்சி இருக்குல்லா, அச்சு அசல் அதேதான்" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

வழக்குக்காக என்னை நேராகவும் பக்கவாட்டிலும் போட்டோ எடுத்திருக்கிறீர்கள். இதுவரை சொன்னதைப் படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னது சொன்னபடி இருக்கிறது, எல்லாம் உண்மை. அந்தப் போட்டோவை மட்டும் யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) இசக்கித்தாய்