பின் சீட்டுக்கு பிரேக் கிடையாது

மாலை ஆறு மணி. அக்டோபர் மாதம். பிரான்சில் பூர்கோன் கால்வாய்க் கரை...

திராட்சை பறிப்பு முடிந்து ஊரே ஓய்ந்துபோகும் சமயம். கால்வாயில் படகு கிடையாது. கரைப் பாதையில் ஆள் கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வரிசையாக மரங்கள். மேலே பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். இடையில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்வந்துவிடுங்கள்.

என்னோடு வேலை பார்க்கிற கொரான்தனின் பெரியம்மாவுக்கு நடந்தது இது. பெயர் ஒதீல். ஐம்பதைத் தாண்டியவள். சில வருடங்களாகக் கண் மங்கிக்கொண்டே வந்து, இப்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும்தான் தெரியும். அவளுடைய தம்பி ரெமி. லாரி மெக்கானிக். வாய் ஓயாதவன். அக்கா வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறாள் என்று, இரண்டு பேர் மிதிக்கிற நீளச் சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கிப் பழுது பார்த்து, அவளைப் பின்னால் உட்காரவைத்து ஊர் சுற்றக் கிளம்பிவிட்டான்.

அந்த மாதிரிச் சைக்கிளில் ஹேண்டில், பிரேக், கியர், மணி எல்லாம் முன்னால் இருப்பவர் கையில். பின்னால் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள வெறும் கம்பி. இரண்டு ஜோடி பெடலையும் ஒரே செயின் இணைத்திருக்கும். முன்னால் மிதித்தால் பின்னால் தானாகச் சுற்றும். வழுக்காமல் இருக்க, ஒதீலின் பாதங்களுக்கு ரெமி வார் போட்டிருந்தான்.

போகிற வழியெல்லாம் அவன்தான் அவளுக்குக் கண்.

"அக்கா, இடது பக்கம் ஒரு தாத்தா. தூண்டில போட்டுட்டுத் தூங்குறாரு. அவரு ரொட்டிய வாத்து தின்னுட்டு இருக்கு... இந்தா, அவரு பொண்டாட்டி உனக்குக் கை காட்டுறாங்க. நீயும் காட்டு. ஏய், மகாராணி மாதிரி காட்டாத!"

"நீ ரோட்டப் பாத்து ஓட்டுடா."

"நீ மிதிக்கிறியா, இல்ல பின்னால உக்காந்து ஒயின் குடிக்கிறியா?"

"ரெண்டு பாட்டிலும் உன் பக்கத்துப் பையிலதான இருக்கு. எனக்கு எட்டியிருந்தா எப்பவோ காலி."

அன்று காலையில் ஷப்லி என்கிற ஊரில் வாங்கிய ஒயின் பாட்டில்கள் அவை. சாயங்காலம் வரை சிரித்துக்கொண்டேதான் வந்தார்கள்.

படகுகளை ஏற்றி இறக்குகிற மதகு ஒன்று வந்தது. பக்கத்தில் மதகுக்காரரின் பழைய வீடு, பூட்டிக் கிடந்தது. ரெமி சைக்கிளை நிறுத்தி, வாரை அவிழ்த்து, அவளை இறக்கி நிற்கவைத்தான்.

"பின்பக்கம் ஒரு குழாய் தெரியுது. தண்ணி புடிச்சிட்டு வந்துடுறேன். சைக்கிளச் சாய்ச்சுப் புடிச்சுக்க."

சரளைக் கல்லில் அவன் காலடி... நறுக், நறுக்... தேய்ந்து மறைந்தது.

ஒதீல் நின்றாள். மதகுக் கதவின் இடுக்கில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. எங்கோ பிழிந்து கொட்டிய திராட்சைத் தோல் புளித்து நாறியது. அப்புறம் சைக்கிளின் முன்பக்கம் லேசாக அமுங்கியது. பெடல் அரைச் சுற்றுப் பின்னால் வந்து நின்றது. 'ஏறிக்கொள்' என்பதற்கு அதுதான் ரெமியின் வழக்கம்.

சரளையில் சத்தமே கேட்கவில்லையே என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. ஏறினாள். வாருக்குள் பாதத்தை நுழைத்தாள். சைக்கிள் நகர்ந்தது.

"என்னடா, தண்ணி புடிக்கப் போன இடத்துல வாயத் தொலச்சிட்டியா?"

சைக்கிள் வேகம் எடுத்தது.

ரெமி வலது காலைத்தான் ஓங்கி மிதிப்பான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெட்டு விழும். அது அவளுக்குப் பழகியிருந்தது. இந்த மிதியில் வெட்டு இல்லை. வழவழவென்று... ஒரே சீராக... மூச்சு வாங்காமல். அவனுடைய சிகரெட் வாசனையும் இல்லை. நனைந்த கம்பளியின் வாடை வந்தது. அதற்கு அடியில் சேறு.

கோட்டுப் பையில் போன் அடித்தது.

"அக்கா? எங்க போயிட்ட? சைக்கிளையும் காணோம்... யாரு கூடப் போற?"

ரெமியின் குரல்.

"டேய்... நீ முன்னாலதான இருக்க?"

"நான் மதகு வீட்டுல நிக்கிறேன்! தண்ணி பாட்டில் கையில இருக்கு!" அவன் ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது. மூச்சிரைப்பு. "இரு... தெரியுது, தெரியுது... அக்கா, விளையாடாத. பின்னால உக்காந்துட்டு நீ எப்படி ஓட்டுற?"

"நான் ஓட்டலடா!"

"முன் சீட்டுல..." மூச்சு வாங்கியது. "அக்கா, முன் சீட்டுல யாருமே இல்ல."

போன் கை நழுவிச் சரளையில் விழுந்தது. பின்னால் தூரத்தில் "அக்கா! அக்கா!" என்று கூவிக்கொண்டே வந்த குரலும் பனிக்குள் அமுங்கிப் போயிற்று.

குதிக்கலாம். எந்தப் பக்கம் குதிப்பது? ஒரு பக்கம் தண்ணீர். அது வலமா இடமா என்பதுகூட இப்போது நிச்சயமில்லை. பிரேக் அவளிடம் இல்லை. கால்களை விறைத்துப் பெடலை நிறுத்தப் பார்த்தாள். வார் இறுகியது. பெடல் அவள் கால்களையும் இழுத்துக்கொண்டு சுற்றியது. முழங்கால் வலியில் கத்தினாள். மிதி மாறவே இல்லை.

கையை முன்னால் நீட்டினாள். ஏன் நீட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. விரலில் சொதசொதவென்று கம்பளி. அதற்கு உள்ளே ஒரு முதுகு. இத்தனை வேகமாக மிதிக்கிற ஆளின் முதுகு மூச்சுக்கு ஏறி இறங்க வேண்டுமில்லையா... அது ஏறி இறங்கவில்லை.

கையை இழுத்துக்கொண்டாள்.

அப்போது முன்னாலிருந்து ஒரு குரல். ஆண் குரல். மிகவும் மரியாதையான குரல்.

"வலது பக்கம் படகு வருது, அம்மா. பீப்பா ஏத்தியிருக்காங்க. குதிர இழுக்குது."

அவள் காதில் விழுந்தது. ஈர மண்ணில் குளம்பு... தொப், தொப்... கயிறு முறுகுகிற கிரீச். குதிரையின் வியர்வை வாடை முகத்தில் அடித்து, கடந்து போயிற்று.

"யாருய்யா நீ? என்ன இறக்கி விடு... உனக்குப் புண்ணியமா போகும், இறக்கி விடு!"

"தண்ணியில ஒரு பொண்ணு நிக்கிறா," என்றது குரல், அவள் பேசியதே கேட்காததுபோல. "கழுத்து வரைக்கும் தண்ணி. உங்களத்தான் பாக்குறா."

ஒதீல் அழுதுவிட்டாள்.

"கை காட்டுங்க, அம்மா."

காட்டக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். கை தானாக எழுந்தது. எழுந்த கையில் விரல்கள் வந்து கோத்துக்கொண்டன. சின்ன விரல்கள். தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள். சைக்கிள் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அந்த விரல்கள் விடாமல் கூடவே வந்தன.

திடீரென்று சரளைச் சத்தம் நின்றது. டயருக்குக் கீழே பலகை. தடதட... தடதட... இரண்டு பக்கமும் தண்ணீர்ச் சத்தம். ஒரு பக்கம் அருகிலேயே தளும்பியது. மறுபக்கம் வெகு ஆழத்தில், கிணற்றுக்குள் ஒழுகுவதுபோல. அடுத்த மதகு. அதன் கதவின் மேல் ஒற்றை ஆள் நடந்து போவதற்காகப் போட்டிருக்கும் பலகை. அதன் மேல் இருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது.

சைக்கிள் நின்றது.

முன்னால் இருப்பவன் கால் ஊன்றிவிட்டான் என்று நினைத்தாள். விரல்களும் விட்டுவிட்டன. அவள் அசையவில்லை, மூச்சுகூடப் பெரிதாக விடவில்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாளோ... சரளையில் யாரோ ஓடி வரும் சத்தம். சட்டென்று அது நின்றது.

"அசையாதீங்க..." ரெமியின் குரல். "அப்படியே இருங்க. நான் வரேன்... அப்படியே இருங்க."

பலகையில் அவன் தவழ்ந்து வந்தான். வாரை அவிழ்த்தான். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே இழுத்தான். இருவரும் தவழ்ந்தே கரை சேர்ந்தார்கள். அவள் மண்ணைத் தொட்டதும் வாந்தி எடுத்தாள். சைக்கிளை எடுக்க அவர்கள் போகவில்லை. அன்றைக்கும் இல்லை, அப்புறமும் இல்லை.

ஒதீல் இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள். யார் கை கொடுத்தாலும் வாங்குவதில்லை. தம்பி வந்து சமயத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டதால்தான் பிழைத்தேன் என்றுதான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறாள். ரெமி மறுத்துப் பேசுவதில்லை.

போன மாதம் ஒரு கல்யாண விருந்தில், கொரான்தன் அவனை ஓரமாக அழைத்துப் போய்க் கேட்டிருக்கிறான்.

"மாமா, உண்மைய சொல்லு. அங்க நீ என்னதான் பாத்த?"

ரெமி கிளாஸை மேசைமேல் வைத்துவிட்டான்.

"நான் சைக்கிளப் புடிக்கவே இல்லடா. அக்கா ரெண்டு காலையும் பெடல்ல வச்சு உக்காந்திருந்தா. கீழ யாரும் கால் ஊனல. எதுலயும் சாய்ஞ்சும் நிக்கல. அந்தப் பலகைல அது தானா நின்னுட்டு இருந்துச்சு... விழாம இருக்க ஓட்டுறவன் திருப்புவான் பாரு, அந்த மாதிரி ஹேண்டில் மட்டும் லேசா இப்படி, அப்படி. அசையாதீங்கன்னு நான் கெஞ்சினது அக்காகிட்ட இல்ல."

கிளாஸை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

"கரைக்கு வந்து திரும்பிப் பாத்தேன். அப்பவும் நின்னுட்டுதான் இருந்துச்சு. அக்காதான் இறங்கி வந்துட்டாளே... ஆனா அந்தப் பின் சீட்டோட ஸ்பிரிங்கு, கொரான்தன்... அமுங்கினது அமுங்கினபடியே இருந்துச்சுடா."