டென்மார்க்குக்குத் தபால் செலவு

பித்தளை எவ்வளவு கனம் என்பது வெளிநாட்டுக்காரர்களுக்குத் தபால் செலவைப் பார்த்த பிறகுதான் தெரியும். படத்தில் ஒரு குத்துவிளக்கு அழகாகத்தான் இருக்கும். இணைய ஏலத்தில் அடித்துப் பிடித்து விலை கேட்டு ஜெயித்துவிடுவார்கள். விளக்கின் விலையைவிட அதை அனுப்பும் செலவு அதிகம் என்று தெரிந்ததும் என்னைத் திருடன் என்பார்கள். நான் கோபப்பட்டதே இல்லை சார். பொருளைத் தராசில் வைத்துப் படம் எடுத்து அனுப்புவேன். பாதிப் பேர் மன்னிப்புக் கேட்டுவிடுவார்கள்.

என் பெயர் அழகேசன். கொரட்டூரில் ஏரிப் பக்கம் சின்ன ஃபிளாட். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் இருந்த கம்பெனியை மூடிய பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தேன். ஆவடி மார்க்கெட்டில் பழைய பாத்திரக் கடை வைத்திருக்கிற உத்தமன்தான் எனக்குப் பொருள் கொடுப்பவன். செம்பு, கூஜா, அண்டா எது வந்தாலும் புளி போட்டுத் தேய்க்காமல் கொடு என்று சொல்லி வைத்திருந்தேன். நமக்குப் பாத்திரம் பளபளக்க வேண்டும், வெள்ளைக்காரனுக்குக் களிம்பு பிடித்திருந்தால்தான் அது பழசு.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டால் அது டிவியாகத்தான் இருக்கும். இந்த வியாபாரத்தில் மனிதர்கள் பேசுகிறார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் பார்சல் கைக்குப் போகும்வரைதான் பேசுவார்கள். எங்கே வருகிறது, சுங்கத்தில் நிற்கிறதா, உடையாமல் வருமா என்று நாளுக்கு நாலு தடவை கேட்பார்கள். கிடைத்ததும் ஒரு நன்றி, ஐந்து நட்சத்திரம். அதற்குப் பிறகு நான் பொங்கல் வாழ்த்து அனுப்பினாலும் பதில் வராது. அது எனக்கு வலிக்கும். அதைச் சொல்ல வெட்கமில்லை.

கிர்ஸ்டனும் அப்படித்தான் வந்தாள். டென்மார்க்கில் பள்ளிக்கூட டீச்சர். ஒரு சின்ன விளக்கை ஏலத்தில் எடுத்துவிட்டு, தபால் செலவு கட்டுப்படியாகவில்லை, இன்னும் சில பொருள் வாங்குகிறேன், எல்லாவற்றையும் வைத்திருந்து ஒரே பெட்டியாக அனுப்புங்கள் என்று எழுதினாள். எங்கள் தொழிலில் இது வழக்கம். பெட்டி பெரிதானால் கிலோவுக்கு ஆகிற செலவு குறையும். அவளுக்காக அலமாரியில் ஒரு தட்டை ஒதுக்கினேன். அந்தத் தட்டு நிறைகிறவரை அவள் எழுதிக்கொண்டே இருப்பாள் என்பது எனக்கு உடனே புரிந்தது.

தினமும் எழுதினாள். பனி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிரிந்துபோன கணவர். ஒருநாள் தன் போட்டோவை அனுப்பினாள். பெயருக்கும் முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. நம் பக்கத்து மாநிறம், நம் பக்கத்து மூக்கு. கைக்குழந்தையாக மெட்ராஸ் விடுதி ஒன்றிலிருந்து தத்துப் போனவள். பெற்றவளைத் தேடித்தான் எங்கள் ஊர்ப் பாத்திரமாகப் பார்த்து வாங்குகிறாள். குழந்தையைச் சுற்றியிருந்த துணியில் பால் புகட்டுகிற பாலாடை ஒன்று இருந்ததாம். அதன் படத்தையும் அனுப்பினாள்.

வீட்டுப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது உங்களுக்குத் தெரியாததில்லை. விசேஷத்தில் பக்கத்து வீட்டுக் குண்டானோடு கலந்துவிடக் கூடாதே. அந்தப் பாலாடையில் 'பெ.ரா.' என்று புள்ளி புள்ளியாக வெட்டி, பக்கத்தில் ஒரு கிளி. கிளிக்கு வால் இல்லை. வெட்டியவனுக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது.

அடுத்த மழைக்காலத்தில் உத்தமன் ஒரு செம்பை எடுத்து வைத்தான். அதே எழுத்து, அதே மொட்டைக் கிளி. யார் போட்டது என்று கேட்டேன்.

"திருநின்றவூர் அம்மாண்ணா. கைச்செலவுக்கு மாசம் ஒண்ணு எத்துகினு வரும். இன்னா, நல்ல வெலைக்குப் போவுமா?"

முகவரி வாங்கிக்கொண்டு மறுநாளே ரயிலேறினேன். சொல்லத்தான் போனேன் சார். அதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

ராணியம்மா வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் இருந்தார். கணவர் கங்காதரன் சைக்கிள் கடை வைத்திருந்து காலமானவர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கதவைத் திறந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போட்டோவில் இருந்த முகம், இருபது வயது கூடுதலாக.

"வா நைனா. இன்னா வாசல்லயே நின்னுகினு கீறே? உள்ள வா, ஒரு வாய் சாப்டு."

பாத்திரம் வாங்க வந்தவன் என்றேன். ரசமும் அப்பளமும் போட்டார். அந்தக் கிளியைப் பற்றிக் கேட்டேன். அப்பா வீட்டு அடையாளம் என்றார். அப்புறம் அவராகவே ஆரம்பித்தார்.

"எனக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு நைனா. கல்யாணத்துக்கு முன்னாடி. தூங்கி எந்திரிச்சு பாத்தா பக்கத்துல இல்ல. எங்கப்பாரு எத்துகினு போய் எங்கியோ வுட்டுட்டாரு. எங்கம்மா ஒரு பாலாடைய மட்டும் துணியில சுத்தி வச்சாங்களாம். எங்கியாவது நல்லாருக்கும்ல? கண்ண மூடறதுக்குள்ள ஒருவாட்டி பாத்துட்டா போதும்."

"நல்லா இருப்பாங்கம்மா" என்றேன். அதில் பொய் இல்லை.

வீட்டுக்கு வந்தால் கிர்ஸ்டனின் செய்தி காத்திருந்தது. ஏதாவது தெரிந்ததா என்று கேட்டிருந்தாள். சொன்னால் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுவார்கள். எனக்கு ஒரு நன்றி, ஐந்து நட்சத்திரம். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று பதில் போட்டேன்.

அந்தச் செம்பை ஏலத்தில் விட்டேன். கிளியைப் பார்த்ததும் கிர்ஸ்டன் துடித்துப்போனாள். சரக்கு எங்கிருந்து வந்தது என்று கடைக்காரனுக்கே தெரியவில்லை என்றேன். அமெரிக்காக்காரர் ஒருவர் வேண்டுமென்றே விலையை ஏற்றிவிட்டார், எனக்கே பாவமாக இருந்தது. அதற்குப் பிறகு மாதாமாதம் ஒரு பாத்திரம். உத்தமன் கொடுப்பதைவிட நான் ராணியம்மாவுக்கு நல்ல விலை கொடுத்தேன், கேட்டுப் பாருங்கள். பெற்றவள் விற்றதைப் பிள்ளை வாங்கினாள். எல்லாம் என் அலமாரியில் பத்திரமாக இருந்தது.

என் வாழ்க்கையிலேயே நல்ல காலம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூரில் சாப்பாடு, மற்ற நாளெல்லாம் டென்மார்க்கோடு பேச்சு. மகளுக்குக் கருவாட்டுக் குழம்பு வைக்கிற விதம் எழுதினேன், அம்மாவிடம் கேட்டு. அம்மாவுக்குப் பனியைப் பற்றிச் சொன்னேன், மகளிடம் கேட்டு. ராணியம்மா ஒருமுறை மயங்கி விழுந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நான்தான். இதயத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள், ஒருநாளும் விடக் கூடாது என்றார்கள். அவருக்குக் கண்ணில் புரை, மாத்திரையைப் பிரித்தறிய முடியாது. நானே மாதாமாதம் வாங்கி டப்பாவில் வேளைக்கு வேளை பிரித்துப் போட்டுக் கொடுத்தேன். பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்க்காது என்று அந்தத் தெருவே சொன்னது.

கெடுத்தது தபால் செலவுதான். அலமாரித் தட்டு வளைகிற அளவுக்குப் பாத்திரம் சேர்ந்ததும், அனுப்ப எவ்வளவு ஆகும் என்று கிர்ஸ்டன் கேட்டாள். எடை போட்டுச் சொன்னேன். இந்தக் காசுக்கு நானே விமானம் ஏறி வந்து எடுத்துப் போகலாம் போலிருக்கிறதே என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுவாரம் நிஜமாகவே டிக்கெட் எடுத்துவிட்டாள்.

செலவைப் பாதியாகக் குறைத்தேன். முழுவதும் நானே ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். இந்தத் தொழிலில் யாரும் செய்யாதது அது. கேட்கவில்லை. கடைசியில், உன் அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டேன், திருநின்றவூரில் இருந்தார், இறந்து பல வருடம் ஆகிறது என்று எழுதினேன். போனில் கூப்பிட்டு அழுதாள். அன்றுதான் அவள் குரலை முதன்முதலாகக் கேட்டேன். வெகுநேரம் ஆறுதல் சொன்னேன். என்னைத் தவிர யாரிடமும் இப்படிப் பேச முடியாது என்றாள். ஆனால் பயணத்தை மட்டும் தள்ளிப்போடவில்லை. அம்மா இருந்த வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்றால் போதும் என்றாள்.

அவள் வருவதற்கு முந்தைய மாதம் டப்பாவில் சத்து மாத்திரை போட்டேன். நிறமும் அளவும் ஏறக்குறைய அதேதான். விஷம் ஒன்றும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சாப்பிட்டுவிட்டு, மாத்திரை தவறாமல் போடுகிறீர்களா என்று கேட்டேன். "நீ குடுத்தத போடாம இருப்பனா நைனா?" என்றார். கால் வீங்கியிருந்தது. கடைசி ஞாயிறு மூச்சு வாங்கிக்கொண்டே அப்பளம் பொரித்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எனக்குப் போன் செய்தார்கள். கொள்ளி நான்தான் வைத்தேன், மனதார அழுதேன். வேறு யார் இருந்தார்கள் அவருக்கு?

கிர்ஸ்டன் வந்ததும் நேராகத் திருநின்றவூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வேறு ஏதாவது ஒரு வீட்டைக் காட்டியிருக்கலாம். அவளை ஏமாற்ற மனம் வரவில்லை.

பூட்டிய கதவை அவள் தொட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டு திவ்யா வெளியே வந்தாள், மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிற பெண். கிர்ஸ்டனைப் பார்த்ததும் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, அப்படியே ராணிம்மா மூஞ்சி. யாரு அங்கிள் இவங்க? அவங்க பொண்ணா? பத்து நாள் முன்னாடி வந்திருந்தா உசுரோட பாத்திருக்கலாமே."

என்ன சொல்கிறாள் என்று கிர்ஸ்டன் கேட்டாள். உன் அம்மா நல்லவர், தெருவில் எல்லோருக்கும் பிடிக்கும் என்கிறாள் என்று மொழிபெயர்த்தேன்.

திவ்யா என்னையே பார்த்தாள். அந்த அளவுக்கு அவளுக்கு இங்கிலீஷ் தெரியும். பிறகு கிர்ஸ்டனின் கையைப் பிடித்து, பத்து நாள், வெறும் பத்து நாள் என்று இங்கிலீஷிலேயே சொன்னாள். கிர்ஸ்டன் என் பக்கம் திரும்பினாள். திட்டவில்லை. எத்தனை நாளாகத் தெரியும் என்று மட்டும் கேட்டாள். இரண்டு வருடம் என்றேன். வீட்டைச் சுத்தம் செய்தபோது திவ்யா எடுத்து வைத்திருந்த மாத்திரை டப்பா அன்று சாயங்காலமே ஸ்டேஷனில் உங்களிடம் வந்துவிட்டது. மீதி உங்களுக்குத் தெரியும்.

ஆமாம் சார். தெரிந்துதான் மாற்றினேன். ராணியம்மா சாக வேண்டும் என்றுதான் மாற்றினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பாத்திரங்களைக் கிர்ஸ்டன் தொடாமலே ஊருக்குப் போய்விட்டாள் என்கிறார்கள். கோபம் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. பித்தளையை விமானத்தில் தூக்கிக்கொண்டு போவதும் சிரமம்தானே. வழக்கு முடிந்து நீங்கள் அவற்றைத் திருப்பிக் கொடுத்ததும் அனுப்பிவிடுகிறேன், செலவு என்னுடையது என்று, நீங்கள் என்னை அழைத்துவர வந்த அன்றே அவளுக்கு எழுதிவிட்டேன். என் போன் உங்கள் மேஜையில்தானே இருக்கிறது? ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள். பதில் வரவில்லையா? பரவாயில்லை, அங்கே இப்போது மதியம்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எழுதுவாள், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.